கிட்டங்கி முதல் குடியுரிமை வரை: பர்மாவில் தமிழர் சொத்துரிமை

வெளியூருக்குப் பிழைக்கப் போகிறவன் முதலில் தேடுவது வேலை, அடுத்தது வீடு. இரண்டும் அமைந்த பிறகு மூன்றாவதாக ஒரு கேள்வி வர வேண்டும்: இந்த ஊர்ச் சட்டப்படி இந்த வீடும் நிலமும் என் பெயரில் இருக்கலாமா? மும்பைத் தமிழர்களாகிய நாம் முதல் இரண்டோடு நன்றாகவே மல்லுக்கட்டியிருக்கிறோம். பகடி வீடு, பதினொரு மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்', டெபாசிட்டுக்காக ஊரில் நகையை அடகு வைத்தது என்று குடும்பத்துக்கு ஒரு கதை இருக்கும். மூன்றாவது கேள்வியை மட்டும் நாம் கேட்டதே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் ரங்கூனில் இருந்த தமிழர்களும் அதைக் கேட்கவில்லை. அவர்களுக்கும் வெகுகாலம் அவசியம் வரவில்லை. வந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அது எப்படி நடந்தது என்பதைச் சட்டங்களின் வழியாகச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் வரலாற்றுப் பேராசிரியன் அல்லன். வங்கியில் கடன் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடமானப் பத்திரங்களைப் படித்தே காலம் தள்ளியவன். ஓய்வுக்குப் பிறகு பர்மாத் தமிழர் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தபோது, மற்றவர்கள் கப்பலையும் கோயிலையும் பார்க்கும் இடத்தில் என் கண் பத்திரத்தின் மேலேயே போய் நின்றது. பழக்கதோஷம்! ஆனால் பத்திரத்தின் வழியாகப் பார்த்தால் சில விஷயங்கள் தெளிவாகத்தான் தெரிகின்றன.

ஒரே சர்க்கார், ஒரே சட்டம்

1824-26, 1852, 1885 ஆகிய மூன்று போர்களில் ஆங்கிலேயர் பர்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினர். விழுங்கியதைத் தனி நாடாக வைக்காமல் பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகச் சேர்த்துக்கொண்டனர். நம் கதைக்கு இதுதான் அஸ்திவாரம். காரைக்குடியில் இருந்து ரங்கூனுக்குப் போன ஒருவர் சட்டப்படி வெளிநாடு போகவில்லை. சென்னை மாகாணத்தில் இருந்து பர்மா மாகாணத்துக்குப் போனார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் மதுரைக் கோர்ட்டில் எப்படியோ, பெகு கோர்ட்டிலும் அப்படியே. "பாஸ்போர்ட்டாவது விசாவாவது! டிக்கெட் எடுத்தா கப்பல்ல ஏற வேண்டியதுதான்" என்று பழைய பர்மாக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அப்போது ஐராவதி ஆற்றின் கழிமுகம் பெரும்பாலும் சதுப்பும் காடுமாகக் கிடந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை கிட்டே வந்தது. காட்டை அழித்து வயலாக்க ஆள் வேண்டும், மாடு வேண்டும், அறுவடை வரை சாப்பாட்டுக்குப் பணம் வேண்டும். இங்கேதான் 1876ஆம் ஆண்டின் பர்மா நில வருவாய்ச் சட்டம் வருகிறது. 12 ஆண்டுகள் தொடர்ந்து ஒரு நிலத்தை அனுபவித்து வரி கட்டி வந்தால், அதன் மேல் பரம்பரையாக அனுபவிக்கவும் விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை உண்டு என்றது அச்சட்டம். பர்மிய விவசாயியை நிலக்காரன் ஆக்குவதே நோக்கம். ஆனால் எதை விற்கலாமோ அதை இழக்கவும் முடியும், இல்லீங்களா? அடமானம் வைக்கத் தகுந்த நிலம் வந்துவிட்டது. இனி வேண்டியது கடன் கொடுக்கிறவர்.

வெள்ளைக்கார வங்கிகள் சேற்று வயலை நம்பிப் பணம் கொடுக்கத் தயாராக இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் தயாராக இருந்தனர். ரங்கூன், மோல்மேன் போன்ற துறைமுகங்களில் தொடங்கிய அவர்களது கடைகள் ஆற்றோடு உள்ளே போய்ச் சந்தை கூடும் ஊரெல்லாம் பரவின. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவற்றின் முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று அக்குழு மதிப்பிட்டது. அந்தக் காலத்துக் கோடி என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் போனவர்கள் அதைவிடப் பல மடங்கு. 1931 மக்கள்தொகைக் கணக்கின்படி பர்மாவில் இந்தியர் 10 லட்சத்து 17 ஆயிரத்துச் சொச்சம். ரங்கூன் நகரத்தில் இருந்த 4 லட்சம் பேரில் 2 லட்சத்து 12 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இந்தியர். பாதிக்கும் மேல்! தெலுங்கர், தமிழர், வங்காளிகள், ஒரியர், குஜராத்தியர் எல்லாரும் அதில் அடக்கம். சொந்த நாட்டின் தலைநகரத்தில் பர்மியர் சிறுபான்மையர். இதையும் மனதில் வைக்க வேண்டும்.

கிட்டங்கி வாழ்க்கை

போன இடத்தில் நகரத்தார் எங்கே தங்கினார்கள்? கிட்டங்கியில். நீளமான ஒரு கட்டடம். அதற்குள் பல விலாசங்களின் கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, பேரேடு வைக்க ஓர் அலமாரி. பகலில் எந்தத் தரையில் உட்கார்ந்து வரவு செலவு பார்த்தார்களோ அதே தரையில் இரவில் பாயை விரித்துப் படுத்தார்கள். சமையலுக்குப் பொதுவில் ஆள். ரங்கூனில் மொகல் ஸ்ட்ரீட் இதற்குப் பெயர்போன இடம். முதலாளி பெரும்பாலும் ஊரில் இருப்பார். ஏஜெண்டாகப் போனவர் மூன்று ஆண்டுத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்புவார். மனைவி மக்கள் செட்டிநாட்டில்தான். பர்மாத் தேக்கு கப்பலேறி வந்து செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூணாயிற்று. சம்பாதித்தது அங்கே, வீடு கட்டியது இங்கே.

கூலித் தொழிலாளர்கள் லாட்ஜிங் பாரக்குகளில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்தார்கள். அவர்களுக்கும் ஊருக்குத் திரும்புவதுதான் எண்ணம்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. கட்டுரைகளில் இவர்கள் அதிகம் வருவதில்லை. கழிமுகத்திலும் பெகு, தட்டோன் பக்கங்களிலும் நிலம் திருத்திப் பயிரிட்டுக் குடும்பத்தோடு தங்கிவிட்ட தமிழ் விவசாயிகள். பர்மியப் பெண்ணை மணந்து பெட்டிக்கடை வைத்தவர்கள். ரயில்வேயிலும் மில்லிலும் வேலை பார்த்து அங்கேயே பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள். இவர்களுக்கு வீடு என்றால் பர்மாவில் இருந்த வீடுதான். பின்னால் வந்த சட்டங்கள் இந்த மூன்று வகையினரையும் ஒரே வரிசையில் நிறுத்தின.

6 விழுக்காடு 25 ஆன கதை

1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது நெல் விலையும் சரிந்தது. சில மாதங்களிலேயே பாதிக்கும் கீழே போனது. விவசாயியால் அசல் கிடக்கட்டும், வட்டி கட்ட முடியவில்லை. கடன்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அடமான நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் கடைகளின் வசம் இருந்தது பயிர் நிலத்தில் சுமார் 6 விழுக்காடு. 1930களின் பிற்பகுதியில் அது சுமார் 25 விழுக்காடு. கிட்டத்தட்ட 24 லட்சம் ஏக்கர்.

இந்த இடத்தில் ஒரு வங்கிக்காரனாக ஒன்று சொல்லியாக வேண்டும். கடன் கொடுத்தவனுக்கு நிலம் வேண்டாம்; பணம்தான் வேண்டும். எங்கள் கிளையில் ஜப்தி செய்த வீடு ஒன்று ஏலம் போகாமல் கையில் நின்றுவிட்டால் மேனேஜருக்குத் தூக்கம் போய்விடும். நகரத்தார் நிலையும் அதுதான். பேரேட்டில் எழுத்தாக இருந்த முதல், விற்க முடியாத சேறாக மாறிக் கிடந்தது. வாங்க ஆள் இல்லை. பழைய சொந்தக்காரனிடமே குத்தகைக்கு விட வேண்டியதாயிற்று.

ஆனால் குத்தகைக்கு எடுத்த அந்தப் பழைய சொந்தக்காரனின் பக்கத்தில் நின்று பார்ப்போம். அவன் தாத்தா காட்டை வெட்டித் திருத்திய வயல். அதில் அவனே உழுகிறான், குத்தகையை மட்டும் வேற்று மொழி பேசும் ஒருவரின் ஏஜெண்டிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். பொருளாதார மந்தம் என்று யாராவது அவனுக்கு விளக்கினால் அவன் கேட்பானா? நம்மவர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் பர்மியரின் நன்றிகெட்டதனம் பேசப்படும் அளவுக்கு இந்தக் குத்தகைக்காரன் பேசப்படுவதில்லை. தொடக்கத்தில் சட்டப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. சட்டப்படி சரியாக நடந்ததாலேயே கோபம் சட்டத்தின் மேல் திரும்பியது.

எல்லை முன்னால், சட்டம் பின்னால்

1937 ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவில் இருந்து பிரிக்கப்பட்டது. முதல் நாள் இரவு கிட்டங்கியில் படுத்தவர் மறுநாள் காலை வேறொரு நாட்டில் விழித்தார், பாயை விட்டு நகராமலேயே! ஆனால் இரு நாடும் ஒரே மன்னரின் ஆட்சியில் இருந்ததால் சொத்துரிமைக்கு உடனடியாகப் பங்கம் வரவில்லை. அதனால் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1938இல் ரங்கூனிலும் பிற ஊர்களிலும் இந்தியருக்கு எதிரான கலவரம் மூண்டது. 1941இல் நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்தவும், விவசாயி அல்லாதவர் நிலத்தை அரசு விலைக்கு வாங்கவும் சட்டங்கள் வந்தன. அவை நடைமுறைக்கு வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு போட்டனர். அடுத்த மாதங்களில் சுமார் 5 லட்சம் இந்தியர் நாட்டைவிட்டு வெளியேறினர் என்பது பொதுவான மதிப்பீடு. பெரும்பாலோர் மலையும் காடும் தாண்டி நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. பத்திரங்களை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு.

யுத்தம் முடிந்து திரும்பிப் போனபோது பத்திரம் செல்லுமா என்பதுதான் கேள்வியாக இருந்தது. அடுத்தடுத்து மூன்று பதில்கள் வந்தன. முதலாவது, 1947ஆம் ஆண்டின் அசையாச் சொத்து மாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம்: வெளிநாட்டவருக்கு நிலமோ வீடோ விற்கவோ கொடுக்கவோ கூடாது. இரண்டாவது, விடுதலை பர்மாவின் அரசியல் சாசனம்: எல்லா நிலத்துக்கும் இறுதி உடைமையாளர் அரசே. மூன்றாவது, 1948ஆம் ஆண்டின் நில தேசியமயச் சட்டம். தானே உழும் குடும்பத்துக்கு ஓர் அளவுக்கு விலக்கு. தூரத்தில் இருந்துகொண்டு குத்தகை வாங்குகிறவருக்கு விலக்கு இல்லை. நட்டஈடு நிலவரியின் மடங்காகக் கணக்கிடப்பட வேண்டுமே தவிர, சந்தை விலையாக அன்று. உள்நாட்டுக் கலகத்தால் அச்சட்டம் முடங்கிக் கிடக்க, 1953இல் புதிய சட்டம் வந்தது. செட்டிநாட்டுக் குடும்பங்களின் கைக்கு வந்து சேர்ந்தது ஏதேனும் உண்டென்றால் அது மிகச் சொற்பம். அலமாரிகளில் இன்றும் அந்தப் பத்திரங்கள் இருக்கின்றன, எழுத்து அழியாமல்.

யார் வெளிநாட்டவர்?

இந்தச் சட்டங்கள் அத்தனையும் 'வெளிநாட்டவர்' என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கின்றன. யார் வெளிநாட்டவர்? பர்மாவின் அரசியல் சாசனம் இதற்கு ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்த ஒருவர், 1942 ஜனவரி 1க்கு முந்தைய பத்து ஆண்டுகளிலோ சாசனம் நடைமுறைக்கு வந்ததற்கு முந்தைய பத்து ஆண்டுகளிலோ எட்டு ஆண்டுகள் பர்மாவில் வாழ்ந்திருந்து, தொடர்ந்து அங்கேயே வாழ எண்ணினால், குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம். 1948இல் அதற்கென்றே தேர்வுச் சட்டமும் வந்தது.

பலர் மனுப் போடவில்லை. ஏன்? கிட்டங்கிக்காரருக்கு ஊர்தான் ஊர்; பர்மியக் குடிமகன் ஆவது என்பது அவர் நினைப்பிலேயே இல்லை. கூலித் தொழிலாளிக்கு எட்டு ஆண்டுக்கு அத்தாட்சி காட்டத் தாள் இல்லை. யுத்தத்தில் எரிந்தது போக மிச்சம் இருந்தால்தானே. மனுப் போட்டவர்களிலும் பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். குடியுரிமை எடுக்காதவர் வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழை ஆண்டுதோறும் கட்டணம் கட்டிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இந்திய அரசின் நிலையும் ஒளிவுமறைவு இல்லாததுதான்: வெளிநாடுகளில் வாழும் இந்தியர் அந்தந்த நாட்டின் குடியுரிமையை ஏற்க வேண்டும், இல்லையேல் வெளிநாட்டவருக்குரிய மரியாதையை மட்டுமே எதிர்பார்க்கலாம் என்பதே நேருவின் கொள்கை.

1962இல் நெ வின் ராணுவ ஆட்சி வந்தது. 1963இல் வங்கிகள் போயின. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமை ஆயின. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. இந்த முறை அடி விழுந்தது 24 லட்சம் ஏக்கர்க்காரர்கள் மேல் இல்லை. அவர்கள் கதைதான் முன்பே முடிந்துவிட்டதே. பெட்டிக்கடைக்காரர், பால்காரர், தையல்காரர், அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள். பெரும் கடைகளின் மேல் இருந்த கோபத்துக்கு வட்டி கட்டியவர்கள் இவர்கள். நகையும் பணமும் எடுத்துவரக் கடும் கட்டுப்பாடு. ஒன்றரை லட்சம் அளவில் இந்தியர் திரும்பினர்; அதில் தமிழர் பெரும்பங்கு.

சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே பர்மா பஜார் வந்தது அப்படித்தான். தமிழகத்துப் பல ஊர்களில் பர்மா காலனிகள் எழுந்தன. காரைக்குடியிலேயே ஒன்று உண்டு. தமிழகத்தில் காலூன்ற முடியாத சிலர் மணிப்பூர் எல்லை வழியாக மறுபடியும் பர்மாவுக்கே நடக்கப் பார்த்தார்கள். எல்லையில் திருப்பி அனுப்பப்பட்டு, மோரே என்ற ஊரிலேயே தங்கிக் கோயில் கட்டிப் பள்ளிக்கூடம் நடத்தி வாழத் தொடங்கினார்கள். போன நாடும் வந்த நாடும் சொந்த நாடாகாத அவர்கள் வீடு கட்டிக்கொள்ளக் கிடைத்தது இரண்டுக்கும் நடுவே இருந்த கோட்டின் ஓரம்.

பிந்திய சட்டங்கள்

வெளிநாட்டவர் சொத்து வாங்கத் தடை அந்நாட்டில் தொடர்ந்தது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. வெளிநாட்டவர் ஓராண்டுக்கு மேல் குத்தகைக்கும் எடுக்கக் கூடாது என்றது. (நம் பதினொரு மாத ஒப்பந்தம் நினைவுக்கு வருகிறதா?) 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் குடிமக்களையே மூன்று தரமாகப் பிரித்தது. 2012இல் முதலீட்டாளருக்கு 50 ஆண்டுக் குத்தகை, இருமுறை பத்துப் பத்து ஆண்டு நீட்டிப்பு என்று கதவு சற்றுத் திறந்தது. 2016இல் வந்த காண்டோமினியச் சட்டம் அடுக்குமாடிக் கட்டடத்தில் 40 விழுக்காடு வரை வெளிநாட்டவர் வாங்கலாம் என்றது. 1947க்குப் பிறகு இது பெரிய மாற்றம். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், சட்டம் கொடுத்த உரிமை எத்தனை நாள் நிற்கும் என்ற பழைய கேள்வி மறுபடி எழுந்துவிட்டது.

நம் நாட்டையும் பார்ப்போம். இந்தியாவில் வேலைக்காகவோ தொழிலுக்காகவோ வந்து வாழும் வெளிநாட்டவர், அந்நியச் செலாவணி விதிகளுக்கு உட்பட்டு வீடு வாங்கலாம்; பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, சீனா உள்ளிட்ட சில நாட்டினருக்கு மட்டும் ரிசர்வ் வங்கியின் முன்அனுமதி வேண்டும். அந்தப் பட்டியலில் மியன்மர் இல்லை. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகனோ வீடு வாங்கலாம், விளைநிலம் வாங்க முடியாது. அரசியல் சாசனத்தின் 300ஏ பிரிவு, சட்டத்தின் அதிகாரமின்றி எந்த 'நபரின்' சொத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது. 'குடிமகன்' என்று போடாமல் 'நபர்' என்று போட்டார்கள். பர்மா கதையைப் படித்தபின் அந்த ஒரு சொல்லின் எடை எனக்குப் புரிந்தது.

நமக்கு என்ன?

மும்பையில் நாம் வெளிநாட்டவர் அல்லோம். நாட்டின் எந்தப் பகுதியிலும் தங்கி வாழலாம் என்று 19(1)(உ) பிரிவு சொல்கிறது. 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியருக்கு எதிராக இந்நகரில் கிளம்பிய அலையின்போது நம் பெரியவர்கள் பட்டது கொஞ்சமல்ல. கடைகள் உடைந்தன, ஆனால் வாடகைச் சீட்டும் சொசைட்டிப் பங்குப் பத்திரமும் செல்லாமல் போகவில்லை. ரங்கூன் தமிழருக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அவர்களைவிட நாம் உழைப்பாளிகள் என்பதோ, இந்த ஊரோடு அதிகம் ஒட்டி வாழ்ந்தோம் என்பதோ அதற்குக் காரணம் இல்லை.

தாளின் அருமை தாராவித் தமிழருக்கு நன்றாகத் தெரியும். குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவச வீடு கிடைக்க 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அங்கு வாழ்ந்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்பது விதி. நாற்பது ஆண்டு வாழ்ந்தவரும் ஒரு ரேஷன் கார்டைத் தொலைத்துவிட்டு அலைகிறார். தேதியும் தாளும் சேர்ந்து ஒருவரைக் குடியிருப்பவர் என்றும் மற்றவரை வந்தேறி என்றும் பிரிக்கும் வேலை பர்மாவோடு முடிந்துவிடவில்லை.

ஆகவே இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. துபாயோ சிங்கப்பூரோ கனடாவோ, எங்கே போனாலும் சம்பளத்தைக் கேட்கும்போதே அந்த ஊர்ச் சொத்துச் சட்டத்தையும் கேளுங்கள். நிலம் உங்கள் பெயரில் நிற்குமா, கட்டடம் மட்டுமா, எத்தனை ஆண்டுக் குத்தகை, உங்களுக்குப் பிறகு பிள்ளைக்குப் போகுமா என்று கேளுங்கள். அதோடு, உங்கள் வீட்டால் அந்த ஊர்க்காரன் எதையாவது இழக்கிறானா என்றும் ஒருமுறை பாருங்கள். அவனுடைய கோபம் பின்னொரு நாளில் சட்டமாக வரக்கூடும். வரும்போது பெரிய கடைக்கும் பெட்டிக்கடைக்கும் வித்தியாசம் பார்க்காது.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சங்கத்தில் பர்மா தொடர்புள்ள குடும்பங்கள் சில இருக்கின்றன. ட்ரங்குப் பெட்டியில் பழைய அடமானப் பத்திரமோ, வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழோ, கப்பல் சீட்டோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்துச் சங்க நூலகத்தில் கொடுங்கள். பணமாக அவை இனித் திரும்பப் போவதில்லை. ஆனால் அந்த வீட்டில் யார் இருந்தார்கள், எந்தத் தேதி வரை இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேறு சாட்சி நமக்கு இல்லை.